தலைமடையில் கிடைத்த விசா

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம், திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையில் இருக்கும் எங்கள் கிராமத்தில் நடந்தது இது. சம்பா நடவு நேரம். எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. கையில் வேலை இல்லை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு என்பதால் நடந்ததை வரிசை மாறாமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

என் பெற்றோர் விவசாயக் கூலிகள். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். நடவுக்குப் போகும் பெண்களைச் சேர்த்து அழைத்துக்கொண்டு போவது அம்மாவின் பொறுப்பு. விடுமுறை நாட்களில் நானும் அந்தக் கூட்டத்தோடு போய்ச் சேற்றில் இறங்கி நட்டிருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்ததும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கொரியத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது.

கொரிய மொழி அங்கேதான் எனக்குப் பழக்கமாயிற்று. ஆசைப்பட்டுக் கற்றேன் என்று சொல்ல முடியாது. ஒரு பாகம் சரியில்லை என்றால் கொரிய மேற்பார்வையாளர் வந்து சத்தம் போடுவார். என்ன சொல்கிறார் என்றே தெரியாமல் தலையாட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டு வாங்கினாலும் புரிந்து வாங்குவோம் என்று எழுத்துக்களைப் படிக்கத் தொடங்கினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் வகுப்புக்குப் போனேன். ஓரளவு பேச வந்தபோது ஒன்று கவனித்தேன். அவர்களும் நம்மைப்போலவே பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பதவியையோ உறவையோ சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. நம் பக்கத்து ஆட்களுக்கு அது அவ்வளவு அந்நியமான மொழி இல்லை. வெளிநாட்டவருக்கென்று நடத்தும் மொழித் தேர்வை எழுதி, அலுவலக வேலைக்குப் போதும் என்று சொல்லும் நிலை வரை தேறினேன்.

அந்தச் சமயத்தில் தொழிற்சாலை எங்கள் பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றியது. எங்களுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

கொரியாவிலேயே வேலை தேடுவது என்று முடிவு செய்தேன். மன்னார்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் அனுப்பினேன். பதில்கள் மரியாதையாகத்தான் வந்தன. உங்கள் கொரிய மொழி நன்றாக இருக்கிறது என்று முதல் வரி. உங்களிடம் என்ன விசா இருக்கிறது என்று இரண்டாவது வரி. விசா இல்லை, நிறுவனம்தான் எனக்காக விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதினால் அதோடு பேச்சு நின்றுவிடும்.

இதில் உள்ள சிக்கல் எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின. வெளிநாட்டுக்காரர் ஒருவரை இப்படி வேலைக்கு எடுக்க வேண்டுமானால், இந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் போதாதா, இவரேதான் வேண்டும் என்பதற்கு என்ன காரணம் என்று அந்த நிறுவனம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் வலுவாக இல்லாவிட்டால் விசா வராது. ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் இதை எனக்கு விளக்கினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கடைசியில், “நீங்கள் கொரிய மொழி தெரியும் என்கிறீர்கள். இங்கே எல்லோருக்கும் கொரிய மொழி தெரியுமே. நான் காரணம் என்று எதை எழுதுவது?” என்று கேட்டார்.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறு வருடம் பாடுபட்டுப் படித்த மொழி அந்த நாட்டுக்குள் போனால் யாரிடமும் இல்லாத திறமை ஆகாது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

ஊரில் பேச்சுக்குக் குறைவில்லை. பக்கத்து ஊர்களில் துபாய்க்கும் சவூதிக்கும் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அதிராம்பட்டினம் பக்கத்தில் ஏஜென்ட்டிடம் சொல்லி வைத்தால் ஒரே மாதத்தில் விமானம் ஏறலாம், இவள் யாருமே போகாத நாட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்றார்கள். என் சித்தப்பா மட்டும் நேராகவே கேட்டார். “ஏம்மா, வேலைதான் தேடுறியா, இல்ல அங்கேயே மாப்பிள்ளையும் பாத்துட்டியா? சொல்லிட்டா நாங்க இங்க தேடுறத நிறுத்திக்குவோம்ல.” தஞ்சாவூரில் ஒரு ஏஜென்ட், சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த வழி வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஒளிந்துகொண்டு வேலை செய்வதற்காக நான் இவ்வளவு படிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் மன்னார்குடியில் விவசாய இயந்திரங்கள் விற்கும் ஒரு கடைக்காரர் ஆள் அனுப்பினார். அவர் கொரியாவில் செய்த நடவு மெஷின்களை வாங்கி விற்பவர், வாடகைக்கும் விடுபவர். வாங்கியவர்கள் எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன கோளாறு என்று பார்க்கக் கொரியாவிலிருந்து ஒரு மூத்த பொறியாளர் வந்திருக்கிறார். சென்னையிலிருந்து வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. நடவு முடியும் வரை நான் கூட இருந்து பேச்சை மாற்றிச் சொல்ல முடியுமா?

அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலையைச் செய்ய வந்த மெஷின் அல்லவா? சுற்றி வளைத்துச் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “எங்க வேலைய எடுத்துக்குமேன்னு பாக்குறியா? எடுத்துக்கட்டும். முதுகு வலி எனக்குத்தானே, உனக்கா?” என்றார். அவருடைய கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதே நூறு நாள் வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். நடவுக்கு ஆள் கிடைக்காமல்தான் விவசாயிகள் மெஷின் பக்கம் திரும்பினார்கள்.

கடைக்காரர் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “அவர் என்ன சொல்றாரோ அத மட்டும் சொல்லுங்கம்மா. நீங்களா சொந்தமா ஒண்ணும் சேத்துடாதீங்க. அவர் கோவப்பட்டுட்டா எனக்கு ஏஜென்சியே போயிடும்.” நானும் ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பொறியாளர் ஐம்பது வயதைத் தாண்டியவர். குறைவாகப் பேசுவார். வயலைப் பார்த்ததும் பேன்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நேராக இறங்கிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அன்றைய நடவு படுதோல்வி. வயலில் பாதி முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சேறு கூழாக இருந்தது. மெஷின் நடுவில் போய் அமிழ்ந்துகொண்டது. அது ஊன்றிய நாற்றெல்லாம் வேர் பிடிக்காமல் மேலே மிதந்து வரப்போரம் ஒதுங்கியது. வேடிக்கை பார்த்த ஒருவர், “நாத்து நடச் சொன்னா தெப்பம் விடுறாரே” என்றார். வரப்பில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பொறியாளர் என்ன என்று கேட்டார். நாற்று மிதப்பதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை.

அவர் நிதானமாக விளக்கினார். சேற்றுழவு முடிந்ததும் தண்ணீரை வடிக்க வேண்டும். ஒருநாளாவது சேறு படிய விட வேண்டும். பிறகு மண் தெரியத் தெரிய மெல்லிய தண்ணீரில் மெஷினை இறக்க வேண்டும். விற்கும்போதே இதைச் சொல்லியிருக்கிறோம். நான் அப்படியே தமிழில் சொன்னேன். விவசாயிகள் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் வேறொரு வயலுக்குப் போனால் அங்கும் அதே தண்ணீர். மூன்றாவது நாளும் அப்படித்தான்.

மூன்றாவது நாள் பொறியாளரின் பொறுமை போய்விட்டது. கரைக்கு வந்து சேற்றுக் காலோடு நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: “இவர்களுக்கு நான் சொல்வதைக் கேட்க விருப்பமில்லை. தண்ணீரை வடிப்பது ஒரு மடையைத் திறக்கிற வேலை. அதைக்கூடச் செய்யாத சோம்பேறிகளுக்கு எந்த மெஷினும் உதவாது. இதை அப்படியே சொல்லுங்கள். நாளை நான் கிளம்புகிறேன். இந்தப் பகுதியில் விற்பதை நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.”

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறியாளரின் குரலிலிருந்தே கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. சொன்னதை மட்டும் சொல்வது என்று ஒப்புக்கொண்டவள் நான். ஆனால் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் அந்த வரப்பிலேயே எல்லாம் முடிந்துவிடும். அதைவிட, அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் தமிழில் ஒன்றும் சொல்லவில்லை. கொரிய மொழியில் அவரிடம், “சார், இதைச் சொல்வதற்கு முன்னால் என்னோடு வாய்க்கால் கரையில் கொஞ்ச தூரம் நடந்து வர முடியுமா? பார்த்த பிறகும் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்றால் ஒரு சொல் விடாமல் சொல்கிறேன்” என்றேன்.  அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

தலைமடைக்கு, அதாவது ஆற்றிலிருந்து எங்கள் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் நுழையும் இடத்துக்கு அவரை அழைத்துப்போனேன். மதகு மூடியிருந்தது. அந்த ஆண்டு அணையில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் விட்டார்கள். சில நாள் எங்கள் வாய்க்காலுக்கு, சில நாள் அடுத்த வாய்க்காலுக்கு. அடுத்த முறை சொன்ன நாளில் வருமா என்று யாருக்கும் உறுதி கிடையாது. “சார், இருக்கிற தண்ணீரை வடித்துவிட்டு அடுத்த முறை வராமல் போனால் அந்த வயல் வெடித்துவிடும். வயல்காரர் மடையைத் திறக்காமல் நிற்பது சோம்பலால் இல்லை” என்றேன்.

அங்கிருந்து கீழே இறங்கி வந்தோம். வாய்க்கால் தொடுவது மேல்வரிசை வயல்களை மட்டும்தான் என்று காட்டினேன். மற்ற வயல்களுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு வரப்பு மடை வழியாகத் தண்ணீர் இறங்கும். மேலே இருப்பவர் வடித்தால் அது கீழே இருப்பவர் வயலுக்குள்தான் போகும். கீழே ஏற்கெனவே நட்டிருந்தால் இளநாற்று முழுகும். அவர் மண்வெட்டியோடு வந்து மடையை அடைத்துவிடுவார். இதில் சண்டை வந்து காவல் நிலையம் வரை போனவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

பொறியாளர் ஒரு வரப்பு மடையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதில் கையை விட்டுப் பார்த்தார். தங்கள் நாட்டில் ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் வர ஒரு வாய், போக ஒரு வாய் தனித்தனியாக இருக்கிறது என்றார். தான் வடித்தால் பக்கத்து வயல்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது என்றார். அப்போதுதான் எனக்கும் ஒன்று விளங்கிற்று. அவர்மேலும் தவறில்லை. அவர் பார்த்திராத ஒன்றை அவரால் எப்படி நினைத்துப் பார்க்க முடியும்?

பிறகு அவரே கேட்டார், அப்படியென்றால் கையால் நட்டவர்கள் எப்படி நட்டார்கள் என்று. நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அது. அம்மாவின் கூட்டம் எப்போதும் தண்ணீரின் பின்னால்தான் போகும். தலைமடை வயலில் இறங்கினால், அது முடிந்து அதற்குக் கீழ் வயல், பிறகு அதற்கும் கீழ். யார் முதலில் வந்து கூப்பிட்டார் என்பது கணக்கில்லை. தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் பெரிய புள்ளியாகவே இருந்தாலும் கடைசியாகத்தான் அவர் வயலில் இறங்குவார்கள். ஆனால் மெஷின் வந்த பிறகு வழக்கம் மாறிவிட்டது. கடையில் யார் முதலில் முன்பதிவு செய்கிறாரோ அவர் வயலுக்கு மெஷின் போனது. இன்று கடைமடை, நாளை தலைமடை, மறுநாள் நடுவில். தண்ணீர் ஒரு வரிசையில் போகிறது, மெஷின் வேறொரு வரிசையில் போகிறது.

“மெஷினை மாற்ற வேண்டாம். அது போகும் வரிசையை மாற்றினால் போதும்” என்றேன். மேல்வயலில் வடிக்கும் தண்ணீர் கீழ்வயலின் சேற்றுழவுக்கு உதவும். அங்கே சேறு படிவதற்குள் மேலே நடவு முடிந்திருக்கும். பிறகு அங்கே வடித்தால் அதற்கும் கீழே உழவுக்கு ஆகும். யாருடைய தண்ணீரும் வீணாகாது. அடுத்த முறைத் தண்ணீர் முதலில் எட்டுவது மேல்வயலைத்தான் என்பதால் வடிக்க அவர்களும் அவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “ஒப்புக்கொள்வார்களா?” என்று மட்டும் கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். தான் சொன்ன அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கூட்டுறவுச் சங்கக் கட்டட வாசலில் எல்லோரையும் கூப்பிட்டோம். நான் திட்டத்தைச் சொன்னேன். தலைமடைக்காரர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் கடைமடையில் அதிக நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். அவர்தான் மெஷினுக்கு முதல் ஆளாகப் பதிவு செய்தவர். ஐப்பசி மழை வருவதற்குள் நட்டு நாற்றுத் தலை நிமிராவிட்டால் முதலில் முழுகுவது அவர் வயல்தான். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பேசிய விதம் வேறு. “மொத ஆளா எல போட்டு உக்காந்தவன கடைசிப் பந்திக்கு வான்னா என்ன அர்த்தம்? நடவாளு வீட்டுப் பொண்ணு நமக்கு மொறை வகுக்குதாக்கும்” என்றார்.

 என் காது சூடாகிப்போனது. அந்தச் சங்க வாசலில் என் அம்மா ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நான் அன்று உட்கார்ந்திருந்தேன். எழுந்துகொண்டேன். கோபமாகப் பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் கோபத்தில் சொன்னால் மெஷின் நகராது.

“ஆமாங்கய்யா, நடவாளு வீட்டுப் பொண்ணுதான். அதனாலதான் எனக்கு இது தெரியும்” என்றேன். “நானே உங்க வயல்ல நட்டிருக்கேன். ஒவ்வொரு வருசமும் கடைசியாத்தானே வந்து இறங்குவோம்? ஏன் முன்னாடி வரலன்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்ல. தண்ணி வந்தப்பறம்தான் நடவாளு வரும்னு உங்களுக்கே தெரியும். இப்ப மெஷினுக்கு மட்டும் ஏங்க வேற ஞாயம்?”

யாரோ பின்னாலிருந்து, “அது சரி, பாப்பா கேக்குறது வாஸ்தவம்தானே” என்றார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்கு முன்னால் கடைமடை வரை மெஷின் வரும் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான் அதை அப்படியே பொறியாளரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று, குனிந்து வணங்கி, தன் பயணத்தைத் தள்ளிப்போடுவதாகவும் கடைமடை வயல் நடும்வரை ஊரைவிட்டுப் போகப் போவதில்லை என்றும் சொன்னார். அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். பெரியவர், “சரி, ஓட்டுங்க. பாப்போம்” என்று உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்த வேலையை நினைத்தால் இன்றும் உற்சாகமாக இருக்கிறது. விடிந்ததும் நானும் பொறியாளரும் வரப்பு வரப்பாகப் போவோம். எந்த வயலில் சேறு படிந்துவிட்டது என்று அறிய, அவர் சேற்றில் விரலால் கோடு இழுத்து, அது மூடிக்கொள்ளாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். எந்த மடையை யார் திறக்க வேண்டும் என்று நான் போய்ப் பேசுவேன். மெஷினுக்கு நாற்றைத் தட்டில் பாய்போல வளர்த்துச் சுருட்டிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையை அம்மாவின் கூட்டத்துப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். மெஷின் விட்டுவிட்ட மூலைகளிலும் அவர்களே கையால் நட்டார்கள். முதல் வயலில் மெஷின் வரிசை பிடித்து ஒரு நாற்றுகூட மிதக்காமல் அக்கரை போய்ச் சேர்ந்தபோது, தெப்பம் என்று கேலி செய்தவரே, “இன்னிக்கு ரோட்டு மேல போற மாதிரில்ல போவுது” என்றார். இதையும் பொறியாளர் என்ன என்று கேட்டார். அன்றைக்கு முழுதாக மொழிபெயர்த்தேன். முதல் நாள் தெப்பத்தையும் சேர்த்து. அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

நடுவில் ஒருநாள் முறைத் தண்ணீர் சொன்னபடி வரவில்லை. எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. ஆனால் மேலேயிருந்து வடித்த தண்ணீர் கீழே தேங்கியிருந்ததால் வேலை நிற்கவில்லை. கடைமடைப் பெரியவரின் வயலில் மெஷின் இறங்கியபோது வானம் மூடத் தொடங்கியிருந்தது. மழைக்குப் போதிய நாட்கள் முன்பாகவே நட்டு முடித்தோம். பெரியவர் இளநீர் வெட்டிக் கொடுத்து, “அடுத்த வருசமும் இவர வரச் சொல்லும்மா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீயும் வந்துடு” என்றார்.

அன்று மாலை டீக்கடையில் பொறியாளர், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். எத்தனையோ கொரிய நிறுவனங்களுக்கு எழுதிவிட்டேன், எனக்காக விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒரு நிறுவனம் வேண்டும், உங்கள் நிறுவனம் அதைச் செய்யுமா? இப்படி நேருக்கு நேர் கேட்பது அவர்கள் பழக்கத்தில் மரியாதைக் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று கேட்காவிட்டால் வாழ்நாளில் கேட்கப்போவதில்லை என்றும் தெரியும். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, முடிவு தன் கையில் இல்லை, பேசிப் பார்க்கிறேன் என்றார்.

சில வாரங்கள் கழித்துக் கடைக்காரரின் கணினி முன்னால் உட்கார்ந்து நேர்முகத் தேர்வு. திரையில் மூன்று பேர். பொறியாளர் ஓரத்தில் பேசாமல் இருந்தார். நடுவில் இருந்த அம்மையார்தான் கேட்டார். எங்கள் ஆள் ஒருவரை அனுப்பினால் போதாதா, உங்களை எடுக்க வேண்டிய காரணம் என்ன? தொலைபேசியில் என்னைச் சாப்பிட விடாமல் செய்த அதே கேள்விதான். ஆனால் இப்போது என்னிடம் பதில் இருந்தது.

“உங்கள் ஆள் வந்தால் வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளப்பார். அந்தத் தண்ணீரைத் திறந்துவிட யார் யாரிடம் பேச வேண்டும் என்று நான் பார்ப்பேன். நெல் விளையும் நாடுகளுக்கெல்லாம் உங்கள் மெஷின் போகிறது. ஒவ்வோர் ஊரிலும் தண்ணீருக்கு ஒரு வழக்கம் இருக்கும். மெஷின் போவதற்கு முன்னால் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வடிவமைப்பவர்களுக்குப் புரியும்படி கொரிய மொழியில் எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும்” என்றேன். வாய்க்காலையும் மடைகளையும் ஒரு தாளில் வரைந்து திரைக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். அம்மையார் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

விசா உடனே வந்துவிடவில்லை. இன்னும் விளக்கம் வேண்டும் என்று ஒருமுறை திருப்பிக் கேட்டார்கள். பொறியாளரே உட்கார்ந்து, எங்கள் கிராமத்தில் நடந்ததைத் தலைமடை தொடங்கிக் கடைமடை வரை வயல்களின் படங்களோடு எழுதி அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தை மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்த சமயத்தில், அனுமதி கிடைத்தது. சென்னைக்குப் போய் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை வாங்கி வந்து அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே என்ன வேலை என்று கேட்டார். நடவு மெஷின்தான், வயல் வயலாகப் போக வேண்டும் என்றேன்.

“அடிப்பாவி, இத்தன படிச்சுட்டுக் கடைசியில சேத்துக்குத்தானா போற?”

“ஆமாம்மா. ஆனா மாசச் சம்பளத்துக்கு.”

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விஷயம் என்று வந்துவிட்டார்கள். சித்தப்பா தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாப்பிள்ளைப் பேச்சை அதற்கப்புறம் கொஞ்ச காலம் எடுக்கவில்லை.

இந்தப் பதினான்கு ஆண்டுகளில் வியட்நாமிலும் வங்கதேசத்திலும் ஒடிசாவிலும் எத்தனையோ வயல்களில் இறங்கிவிட்டேன். விசா பலமுறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. புரட்டாசியில் ஒருமுறை ஊருக்கு வந்து போவதையும் விடவில்லை. வரும்போதெல்லாம், கொரிய மொழி படித்ததால் இவளுக்கு வாழ்வு வந்தது என்று ஊரில் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். அதை நான் மறுப்பதில்லை. ஆனால் அந்த மொழியில் சொல்வதற்கு என்னிடம் ஒரு வாய்க்கால் இருந்தது, அதை அம்மாவின் பின்னால் போய் நாற்று நட்ட நாட்களில் நான் கற்றிருந்தேன் என்பதை நினைக்கும்போதெல்லாம், வந்த இடத்தைப் பற்றிக் கூச்சப்பட வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்ற நிறைவு மனதில் தங்கிவிடுகிறது.